தூங்கும்போது மூளைக்குத் தாளம் போடுவது யார்? ‘பிரேக்’ செல்களும் தூக்க மாத்திரையும்

‘படுத்தாச்சு, மூளையும் ஆஃப் ஆயிடுச்சு’ என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல. தூக்கத்திலும் மூளை செல்கள் வேலை செய்கின்றன. விழித்திருக்கும்போது ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருந்த செல்கள், தூக்கத்தில் ஒரே தாளத்துக்கு வருகின்றன. அந்தத் தாளத்தைப் போடுவதில் பெரிய பங்கு, மற்ற செல்களை அடக்கும் ‘தடுப்பு’ செல்களுக்கு உண்டு.

தடுப்பு செல்கள் என்றால் என்ன?

மூளையின் வெளியடுக்கில் உள்ள நியூரான்களில் ஏறக்குறைய 5-ல் ஒன்று இந்த வகை. ‘காபா’ என்ற ரசாயனத்தைச் சுரந்து பக்கத்து செல்களை அமைதிப்படுத்துவதுதான் இவற்றின் வேலை. வண்டிக்கு பிரேக் மாதிரி.

பிரேக் எப்படித் தாளம் ஆகும்?

சாலை சிக்னலை நினைத்துப் பாருங்கள். சிவப்பு விழுந்தால் வண்டிகள் சேர்ந்து நிற்கும். பச்சை விழுந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். மூளையிலும் கிட்டத்தட்ட இதேதான் நடக்கிறது. கண், காது தரும் தகவல்கள் மூளையின் நடுவே உள்ள தலாமஸ் வழியாகத்தான் மேலே போகின்றன. அதைச் சுற்றி மெல்லிய உறை போல ஒரு தடுப்பு செல் அடுக்கு இருக்கிறது. இந்த அடுக்கு அடக்கிய தலாமஸ் செல்கள், பிடி தளர்ந்ததும் ஒன்றாகத் துடிக்கின்றன. அந்தத் துடிப்பு தடுப்பு செல்களை மீண்டும் தூண்ட, மறுபடியும் பிரேக். இப்படியே நொடிக்கு சுமார் 11 முதல் 16 முறை சுற்று ஓடும். அரை நொடியிலிருந்து 2 நொடிக்குள் அடங்கிவிடும். ஈ.ஈ.ஜி. பதிவில் நூல் சுற்றிய கதிர் போலத் தெரிவதால், இதைக் ‘கதிர் அலை’ எனலாம்.

இதனால் என்ன பயன்?

ஆழ்ந்த தூக்கத்தில் நொடிக்கு ஒன்றுக்கும் குறைவாக எழும் மெதுவான அலையும் உண்டு. மெதுவான அலை, கதிர் அலை, நினைவகப் பகுதியான ஹிப்போகாம்பஸில் எழும் வேகமான சிற்றலை ஆகிய மூன்றும் நேரம் பொருந்தி வரும்போது பகலில் கற்றது நினைவில் பதிய உதவுகிறது என்கின்றன ஆய்வுகள். மனச்சிதைவு நோய் உள்ளவர்களிடம் கதிர் அலைகள் குறைவாக இருப்பதும் தெரியவந்துள்ளது.

மாத்திரை போட்டால் இதே தூக்கம் வருமா?

சிக்கல் இங்கேதான். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் காபாவின் வேலையை மூளை முழுக்கக் கூட்டுகின்றன. இயற்கையான தூக்கத்திலோ, எந்த செல்லுக்கு எந்த நொடியில் பிரேக் என்பதுதான் கணக்கு. இந்த வகை மாத்திரைகளால் கதிர் அலைகள் கூடினாலும், ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான அலைகள் குறைகின்றன. தூங்கிய நேரம் கூடலாம். ஆனால் அது அதே தூக்கம் அல்ல.

இந்தியாவில் அல்பிரசோலம், ஜோல்பிடெம் இரண்டும் ‘எச்1’ பட்டியலில் உள்ளன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்ற விவரத்தை மருந்துக் கடைகள் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ‘போன தடவை வாங்கினதே குடுங்க’ என்று கேட்டு வாங்கும் மருந்து அல்ல இது. மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கும் ஆபத்து உண்டு. முதியவர்கள் தடுமாறி விழும் வாய்ப்பும் கூடும்.

அப்போ என்ன செய்வது?

நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையை விட, தூக்கப் பழக்கத்தைத் திருத்தும் உளவியல் சிகிச்சையையே முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்த பிறகே படுக்கைக்குப் போவது எல்லாம் இதில் அடங்கும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் சட்டென்று நிறுத்தக் கூடாது. தூக்கமின்மை முன்பை விட மோசமாகத் திரும்பலாம், வலிப்பு கூட வரலாம். மருத்துவர் சொல்படி அளவைப் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பு.