பூசணிக்கொடியும் நம் கடமையும்

காய்கறிகளுள் பூசணியைப்போல மலிவும் இகழ்ச்சியும் ஒருங்கே பெற்றது பிறிதில்லை. பொய்யனைப் பழிக்கவும் முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைக்கிறோம். ஆயினும், தோட்டங்கள் வீட்டுமனைகளாகும் இக்காலத்து, இரணியலைச் சூழ்ந்த ஊர்களில் இக்கொடி அற்றுப்போகுமாயின் நாம் இழப்பது பெரிதென்பதே எமது கருத்து.

முதற்கண் பெயர்களைத் தெளிந்துகொள்வோம். நாஞ்சில் நாட்டார் தடியங்காய் என வழங்குவது சாம்பல் பூத்த வெண்பூசணி; அது ஆசியாவிற்குரியது. சிவந்த பூசணியோ அமெரிக்கக் கண்டத்தது. 1492-இல் கொலம்பஸ் கடல் கடந்த பின்னரே இப்பக்கம் வந்தது. வடமாவட்டத்தார் அதனைப் பரங்கிக்காய் என்பதே அவ்வரலாற்றுக்குச் சான்று. இரண்டும் ஒரே குடும்பத்தனவாயினும் பேரினத்தால் வேறுபட்டவை, ஒன்றோடொன்று கலவா.

சமையலில் ஒவ்வொன்றுக்கும் தனித்தொழில் உண்டு. தடியங்காய் நீர் மிக்கது, தன்சுவை குன்றியது. ஆதலின் மோரும் தேங்காயும் ஏற்றுப் புளிசேரிக்கும், தேங்காய்ப்பால் ஏற்று ஓலனுக்கும் உரியதாகிறது. சிவந்த பூசணி இனிப்புடையது; பயற்றொடு கூடி எரிசேரியாகும். அதன் இளங்கொழுந்தும் ஆண்பூவும் துவரனுக்கு உதவும், விதையை வறுத்துண்ணலாம். முற்றிய தடியங்காய் தன் மெழுகுப் பூச்சினால் மாதக்கணக்கிற் கெடாது. அதனை உத்திரத்திற் கட்டித் தொங்கவிட்டு மழைக்காலத்துக்கு வைத்திருத்தல் முன்னோர் வழக்கம்.

“சந்தையிற் கிடைப்பதற்குக் கொடி எதற்கு?” என்பார் உளர். காயை வாங்கலாம், நம் மண்ணிற் பழகிய வித்தை வாங்குதல் அரிது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் தந்த ‘கோ 2’ என்னும் வகையை நாம் குறைகூறவில்லை. ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ள அதன் காய் சிறு குடும்பத்துக்கு மிக ஏற்றதே. ஆனால் அதுவும் நாட்டு வகையினின்று தெரிந்தெடுக்கப்பெற்றதன்றோ? மூலவித்து அழிந்தபின் தெரிந்தெடுக்க யாது எஞ்சும்?

வித்தைக் காப்பதற்கு அறிவும் வேண்டும். பூசணியில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியிற் தனித்தனியே பூக்கும். தேனீ அயல்தோட்டத்து மகரந்தத்தைக் கொணர்ந்தால் வித்து வழிமாறும். ஆகவே, மறுநாள் மலரவிருக்கும் இருவகை அரும்புகளையும் மாலையிலேயே நூலாற் கட்டி, காலையில் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் தடவி, மீண்டும் கட்டிவிடல் வேண்டும். தாவரநூலை ஏட்டிற் கற்கும் மாணாக்கர்க்கு இதனினும் எளிய பயிற்சி யாது?

கொல்லையில் ஒரு குழி, சிறிது எரு, நான்கு வித்து, இவ்வளவே முதல். அறுப்பின் பண்டிகைக்கு ஆலயம் செல்லும் காணிக்கையில் நம் கொடியின் காயும் ஒன்றாகுக. காயை அயலார்க்குப் பகிர்வோர் வித்தையும் உடன் பகிர்வாராக.