முதல் ஸ்கூட்டி: புதியதா, பாவித்ததா?

சென்ற மாதம் ஹெந்தளையில் எமது சேமிப்புக் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, முன்பள்ளியில் படிப்பிக்கும் ஒரு சகோதரி மட்டும் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், லீசிங்ல புது ஸ்கூட்டி ஒன்னு எடுக்கலாம்னு இருக்கேன். பழசு எடுத்தா ஏமாத்திருவாங்கன்னு அண்ணன் சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க?"

"ஓட்டத் தெரியுமா?"

"எடுத்த பிறகு பழகலாம் தானே, மிஸ்."

இந்த உரையாடலை நான் முதல்முறை கேட்கவில்லை. வாசகிகள் பலரும் கேட்டிருப்பீர்கள், சிலர் பேசியும் இருப்பீர்கள். அதனால்தான் இம்மாதம் இதை எழுதுகிறேன்.

அந்தச் சகோதரிக்கு வாகனம் தேவைதான். ஏலகந்தைப் பக்கம் வீடு, வத்தளையில் முன்பள்ளி, பின்னேரம் கொட்டாஞ்சேனையில் இரண்டு வீடுகளில் ரியூஷன் வகுப்பு. ஒரு நாளில் நான்கு பஸ். பஸ்ஸில் பெண்கள் படும் பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கையில் நடத்திய ஆய்வில், பத்துப் பெண்களில் ஒன்பது பேர் பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகக் கூறியிருந்தனர். ஆகவே பெண்ணுக்கு எதற்கு மோட்டார் சைக்கிள் என்ற கேள்விக்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை. எதை, எப்படி, யார் பெயரில் வாங்குவது என்பதுதான் பேச வேண்டியது.

முதலில் கணக்கு. அவரிடம் சொல்லப்பட்டது மாதத் தவணை மட்டும்தான்: 16,500 ரூபா, 48 மாதம். குழுவின் கொப்பியிலேயே பெருக்கிப் பார்த்தோம். 7,92,000 ரூபா. நகை அடகு வைத்துக் கட்டவிருந்த முற்பணம் ஒன்றரை இலட்சத்தையும் சேர்த்தால் 9,42,000. கடையில் எழுதியிருந்த ரொக்க விலையோ இதைவிட மூன்று இலட்சம் குறைவு. அவர் சற்று நேரம் பேசவில்லை. வட்டி வாங்குவது கம்பனியின் தொழில், அதில் கோபிக்க ஒன்றுமில்லை. மொத்தத் தொகையை நாம் கேட்காமல் விடுவதுதான் பிழை.

லீசிங் வாகனம் கடைசித் தவணை கட்டும்வரை நம்முடையது அல்ல என்பதையும் பலர் அறிவதில்லை. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டப்படி அது குத்தகைக்குக் கொடுத்த கம்பனியின் சொத்து. நாம் பாவிப்பவர் மட்டுமே. ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு தங்கச்சியை எனக்குத் தெரியும். புது ஸ்கூட்டி எடுத்து மூன்றாம் வாரம், பேலியகொடையில் மணலில் சறுக்கி விழுந்தாள். கையில் முறிவு, இரண்டு மாதம் வேலை இல்லை, தவணை நின்றது, வாகனம் போனது. அதுவரை கட்டிய பணமும் அதோடு போனது. விழுந்தது அவள் குற்றமா? பழகுகிறவர் எல்லோரும் ஒருமுறையாவது விழுகிறார்கள். நான் மூன்று முறை விழுந்தேன். அதில் ஒன்று நின்ற இடத்திலேயே.

புதியதைக் கண்ணாடி போல வைத்திருக்க வேண்டும் என்ற பயத்தோடு பழகுவது ஒரு பாரம். பழைய வாகனத்தில் இன்னொரு கீறல் விழுந்தால் யாருக்கும் தெரியாது. ஆரம்பத்தில் ஓட்டுகிறவருக்கு நல்ல, மிதமான வயதுடைய, பாவித்த ஸ்கூட்டியே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். ஒரு வருடம் ஓட்டியபின், நமக்கு எது வேண்டும் என்று நமக்கே தெரியும்.

ஆனால் இலங்கையில் "பழசு மலிவு" என்பது எல்லாக் காலத்திலும் உண்மையாக இருந்ததில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், சிலர் புதிதாக வாங்கிய விலையைவிடக் கூடுதலாகத் தங்கள் பழைய ஸ்கூட்டியை விற்றார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் டொலர் 180 ரூபா அளவிலிருந்து 300 ரூபாவுக்குப் போயிருந்தது. பழைய விலை திரும்பி வரவில்லை. எனவே விற்பவர் சொல்லும் தொகையை, அதே ரகப் புது வாகனத்தின் ரொக்க விலையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் தலையாட்ட வேண்டாம். வித்தியாசம் சிறியதாக இருந்தால் பழையதை வாங்குவதில் அர்த்தமில்லை.

அண்ணன் சொன்ன ஏமாற்று உண்மைதான். ஆனால் அது இயந்திரத்தைவிடக் காகிதத்தில்தான் அதிகம். மூலப் பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள், போட்டோப் பிரதி போதாது. மூலம் லீசிங் கம்பனியில் இருக்கிறது என்றால் கடன் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அதிலுள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வாகனத்தில் பொறித்திருப்பவையோடு ஒத்திருக்க வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் மூன்றின் திகதிகளையும் பாருங்கள். பதிவு உரிமையாளர் ஒருவர், கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தை வைத்துக்கொண்டு விற்பவர் வேறொருவர் என்றால், எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் கொடுத்தபோது, பெயர் மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னிடம் அழுதுகொண்டு வந்தார். முந்தைய உரிமையாளர் அதே வாகனத்தைத் தன் அடையாள அட்டையில் பதிந்துவிட்டிருந்தார். வாகனம் இவரது முற்றத்தில், பெற்றோல் அவரது பெயரில்.

இனி வாகனம். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த பாஸ் ஒருவர் சொல்வார்: "மிஸ், வண்டியத் தூக்கத்துல இருந்து எழுப்பித்தான் பார்க்கணும்." அதாவது காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நீலப்புகை வந்தால் ஒயில் எரிகிறது, செலவு வரும். பிரேக் பிடியின் நுனியும் கண்ணாடித் தண்டும் தேய்ந்திருந்தால் விழுந்த வாகனம். பின்னால் தள்ளி நின்று, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா பாருங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம் செய்தது. பூ தேயாவிட்டாலும் பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும், மழையில் வழுக்கும்.

எங்கள் பக்கத்துக்கென்று இரண்டு விடயங்கள் உண்டு. ஒன்று கடல். ஏலகந்தையிலும் பமுனுகமவிலும் வெளியே நிறுத்திவைத்த வாகனத்தில் உப்புக்காற்று சைலன்சரையும் அடிச்சட்டத்தையும் தின்றுவிடும். குனிந்து டோர்ச் அடித்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். மற்றது வெள்ளம். 2016 மே மாதமும் 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போதும் களனி கங்கை கரைமீறியது. சீற்றுக்கு அடியிலும் மின்கம்பி இணைப்புகளிலும் சேற்றுக்கோடு இருந்தால் அது தண்ணீரில் நின்ற வாகனம்.

உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பாதமும் தரையில் பதியாவிட்டால், எவ்வளவு அழகானாலும் அது உங்களுக்குரியதல்ல. நாம் எல்லாவற்றையும் ஸ்கூட்டி என்கிறோம், ஆனால் அது டிவிஎஸ் கம்பனியின் ஒரு வண்டிப் பெயர். அதன் பெப் ரகம் 100 சி.சி.க்கு உட்பட்டது, ஏ1 அனுமதிப்பத்திரம் போதும். வீதியில் அதிகம் காணும் ஹொண்டா டியோ 100ஐத் தாண்டியது, அதற்கு ஏ வேண்டும். தமிழ்நாட்டில் 2018 பெப்ரவரியில் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் தொடங்கியபோது, வேலைக்குப் போகும் பெண்களுக்கு விலையில் பாதியை, 25,000 இந்திய ரூபாவுக்கு மேற்படாமல், அரசு கொடுத்தது. அதற்கும் முதலில் ஓட்டுநர் அனுமதியோ பழகுநர் அனுமதியோ கேட்டார்கள். எனக்கு அந்த வரிசை சரியாகவே படுகிறது.

புதியது யாருக்கு? ஏற்கனவே ஓட்டத் தெரிந்தவருக்கு, கையில் பெரும்பகுதிப் பணம் உள்ளவருக்கு, இருட்டியபின் தனியாகத் தூரம் போகிறவருக்கு. நடுவழியில் நிற்காது என்ற நிம்மதிக்கு ஒரு விலை உண்டு, கொடுக்கலாம். தலைக்கவசம் மட்டும் எல்லோருக்கும் புதியதுதான். உள்ளே இருக்கும் நுரைக்கட்டி ஒரு அடியைத்தான் தாங்கும். வேறொருவர் விழுந்ததை நாம் அணிந்தால் வெறும் தொப்பி.

கடைசியாக, பெயர். உங்கள் உழைப்பில், உங்கள் நகையில் வாங்குவதை உங்கள் பெயரில் பதியுங்கள். "வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் என்ன" என்று கேட்ட மூவரில் இருவர் இன்று மீண்டும் பஸ்ஸில் வருகிறார்கள். ஒருவரின் வாகனத்தை மைத்துனர் வேலைக்கு எடுத்துப் போகிறார். மற்றவருடையது அவருக்குத் தெரியாமலே அடகில்.

முன்பள்ளிச் சகோதரி இன்னும் எதையும் வாங்கவில்லை. நகை வீட்டில்தான் இருக்கிறது. பழகுநர் அனுமதி எடுத்துவிட்டார். போயா நாள் காலையில், வீதி வெறிச்சோடியிருக்கும்போது, என் பன்னிரண்டு வருடப் பழைய ஸ்கூட்டியில் எல் பலகை கட்டிக்கொண்டு கால்வாய் ஓர வீதியில் பழகுகிறார். போன போயாவில் இடப்பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டார். அடுத்த நாளே பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பாவித்த கண்ணாடி ஒன்றைப் பேரம் பேசி வாங்கி வந்து, தானே பூட்டியும் கொடுத்தார். கொஞ்சம் சாய்வாக இருக்கிறது.