பேட்டிங் தெரியாமல் தோல் இல்லை!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் பெண் கொடுத்திருக்கிறீர்களா? மாப்பிள்ளை தோல் தொழிலில் இருக்கிறாரா? அப்படியானால் சம்பந்தி வீட்டுப் பேச்சு புரிய ஒரு தனி அகராதியே வேண்டும். அங்கே புழங்கும் சொற்களை வெளியூர்க்காரர் எப்படிப் புரிந்துகொள்வார், நிஜத்தில் அவற்றுக்கு என்ன பொருள்? இதோ ஒரு சாம்பிள்!

பேட்டிங்
வெளியூர் அர்த்தம்: டாஸ் ஜெயித்ததும் கேட்பது.
நிஜ அர்த்தம்: சுண்ணாம்பில் ஊறி முடி நீங்கிய தோலை, என்சைம் போட்டு மிருதுவாக்குவது. அந்தக் காலத்தில் என்சைமுக்குப் பதில் புறா எச்சமும் நாய்க் கழிவும் பயன்பட்டன. அப்போது ஓப்பனிங் இறங்க யார் முன்வந்தார்களோ!

பிக்கிளிங்
வெளியூர் அர்த்தம்: மாமியார் ஜாடியில் மாங்காய் போடுவது.
நிஜ அர்த்தம்: தோலை உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்து, பதனிடத் தயாராக்குவது. தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள உதவாது.

வெட் புளூ
வெளியூர் அர்த்தம்: மழையில் நனைந்த ஜீன்ஸ்.
நிஜ அர்த்தம்: குரோமியம் உப்பால் பதனிட்ட ஈரத்தோல். குரோமியம்தான் அதற்கு நீல நிறம் தருகிறது.

ஃபேட் லிக்கர்
வெளியூர் அர்த்தம்: தொப்பை வளர்க்கும் சரக்கு. ‘மாப்பிள்ளை காலையிலேயே ஃபேட் லிக்கர் கலக்கப் போயிட்டார்’ என்று கேட்டால் மாமனார் மயங்கியே விழுவார்.
நிஜ அர்த்தம்: எண்ணெயை நீரோடு பால்போலக் கலந்து தோலுக்கு ஊட்டுவது. ஊட்டாவிட்டால், காய்ந்ததும் தோல் கருவாடு மாதிரி விறைத்துவிடும்.

லாஸ்ட்
வெளியூர் அர்த்தம்: வகுப்பில் கடைசி ரேங்க்.
நிஜ அர்த்தம்: கால் வடிவில் செய்த அச்சு. அதன்மேல் இழுத்துப் பொருத்தித்தான் ஷூவுக்கு உருவம் கொடுக்கிறார்கள். பெயர்தான் லாஸ்ட், அது இல்லாமல் ஷூ இல்லை.

ஈ.ஐ.
வெளியூர் அர்த்தம்: இ.எம்.ஐ.யில் ‘எம்’ விட்டுப்போனது.
நிஜ அர்த்தம்: ஈஸ்ட் இந்தியா லெதர். ஆவாரம்பட்டை முதலான தாவரப் பொருள்களால் பதனிடும் பழைய முறை. தமிழ்நாட்டின் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களில் இதுவும் ஒன்று.

எஃப்ளுயன்ட்
வெளியூர் அர்த்தம்: பெரிய பணக்காரர். (அது ‘அஃப்ளுயன்ட்’ சார்!)
நிஜ அர்த்தம்: ஆலைக் கழிவுநீர்.

இந்தச் சொல்லுக்கு மட்டும் பாலாற்றங்கரையில் யாரும் சிரிப்பதில்லை. கழிவுநீர் இறங்கிக் கிணறும் வயலும் கெட்ட கதை அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. நடுவே ஓடிப்போனவை 28 வருடங்கள்!

காலையில் கம்பெனி பஸ் ஏறும் பெண்களின் வீட்டு அடுப்பு இந்தத் தொழிலால்தான் எரிகிறது. அந்த அடுப்பில் வைக்கும் உலைக்கு நல்ல தண்ணீரும் வேண்டுமே! செல்வத்துக்கும் கழிவுநீருக்கும் நடுவே ஓர் எழுத்துதான் வித்தியாசம். பாலாறு மாட்டிக்கொண்டிருப்பது அங்கேதான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன தொழில் செய்தார்கள்? அதில் இப்படி என்னென்ன சொற்கள் இருந்தன? இன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள். சிரிப்பும் வரும், ஒரு கதையும் கிடைக்கும்.