கிரீஸ் கன்னுக்கு எத்தனை மார்க்?

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்)



ஓடம் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று தண்ணீரில் போவது. இன்னொன்று தறியில் போவது, நாம் நாடா என்கிறோமே, அது. காஞ்சிபுரத்து நெசவாளி வீட்டுப் பிள்ளையான எனக்கு இரண்டாவதுதான் பழக்கம். முதலாவதை, அதிலும் ஜெட் போட் என்ற ரகத்தை, கடற்கரைப் பக்கம் ஒரு பட்டறையில் பயிற்சிக்குப் போனபோதுதான் தொட்டுப் பார்த்தேன். தொட்டதோடு விட்டேனா? கெடுத்தும் வைத்தேன்!

ஜெட் என்றதும் வீட்டுக் கிணற்றில் இரண்டு பைப் இறங்கும் ஜெட் பம்பை நினைக்காதீர்கள். அது வேறு. ஜெட் போட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விசிறி கிடையாது. அடிப்பக்கத் துவாரம் வழியாகத் தண்ணீரை இழுத்து, இம்பெல்லர் அதை நாசில் வழியாகப் பின்னால் பீய்ச்சி அடிக்கும். படகு முன்னால் பாயும். நியூசிலாந்தின் பில் ஹாமில்டன் 1950-களில் ஆழமில்லாத ஆறுகளுக்காக இதை உருப்படியாகச் செய்து காட்டினார். 1977-ல் எட்மண்ட் ஹிலாரி மூன்று ஜெட் படகுகளோடு கங்கா சாகரில் கிளம்பி, கங்கையை எதிர்த்து ஏறி, நந்தப்பிரயாக் பக்கம் ஓர் அருவி மறிக்கிறவரைக்கும் போனார். அவ்வளவு தூரம் ஏன்? நம்ம சென்னைக்கு வடக்கே கட்டுப்பள்ளித் தளத்தில் கடலோரக் காவல்படைக்குக் கட்டிய இன்டர்செப்டர் படகுகளும் வாட்டர்ஜெட்டில் ஓடுபவைதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அந்த பம்பில் ஒரே ஷாஃப்ட். ஆனால் இரண்டு முனைக்கும் இரண்டு விதமான குணம். முன்பக்கம் த்ரஸ்ட் பேரிங். இம்பெல்லரின் தள்ளுவிசையைத் தாங்குவது அது. அதற்கு கிரீஸ் வேண்டும், தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. பின்பக்கம் ரப்பர் புஷ். அதற்கு கிரீஸே வேண்டாம், ஓடுகிற தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். நம்ம ஊர் போர்வெல் சப்மெர்சிபிள் மோட்டாரும் ஏறக்குறைய இந்த ஜாதிதான். கோடையில் தண்ணீர் இறங்கி வெறுமனே ஓடினால் என்ன ஆகும் என்று போர் போட்ட வீட்டுக்காரர்களைக் கேளுங்கள்.

இது எனக்குத் தெரியாது. எஃபிஷியன்சி ஃபார்முலா தெரியும், வெலாசிட்டி டயகிராம் போடத் தெரியும். டிரெய்லரில் நின்ற படகை, "ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போமே" என்று முறுக்கிவிட்டேன். அதில் கிளட்ச் கிடையாது. என்ஜின் சுற்றினால் ஷாஃப்ட்டும் சுற்றும். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகிய வாடை. மெக்கானிக் அண்ணன் ஓடி வந்து அணைத்தார். புஷ் போச்சு. மூன்று நாள் படகு தண்ணீரில் இறங்கவில்லை. அதை நம்பியிருந்த இரண்டு பேருக்கு மூன்று நாள் கூலியும் இல்லை. அவர்கள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். திட்டவில்லை.

பிரித்ததுதான் பிரித்தோம் என்று அண்ணன் முன்பக்க பேரிங்கையும் பார்த்தார். கிரீஸ் பால் மாதிரி வெளுத்திருந்தது. சீல் வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளமாம். கிரீஸ் நிப்பிளை யாரோ பெயிண்டால் மூடியிருந்தார்கள். எத்தனை மாதமாகக் கன் வைக்கவில்லையோ!

"நிப்பிளைத் துடைக்காம கன்னை வைக்காதே தம்பி, அழுக்கையும் சேர்த்து உள்ளே தள்ளுவே" என்றார். ரெண்டு ரக கிரீஸைக் கலக்கக் கூடாது. சோப் ஒத்துப்போகாவிட்டால் இளகி வழிந்துவிடும். அதிகம் திணித்தாலும் ஆபத்து, பேரிங் சூடேறும், சீல் பிதுங்கும். அன்றைய ஓட்டம் முடிந்து பேரிங் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கிரீஸ் போட்டுவிட வேண்டும். ராத்திரி முழுக்க ஈரம் உள்ளே தங்காது. உப்புத் தண்ணீரில் ஓடியிருந்தால் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். மணல் தின்று இம்பெல்லருக்கும் வளையத்துக்கும் நடுவில் இடைவெளி கூடினால், என்ஜின் கத்தும், படகு நகராது. ஒரு மணி நேரத்தில் இத்தனையும் சொன்னார். இதில் பாதிகூட என் நோட்டில் இல்லை.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். பட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் பதினைந்து நாள் உழைப்பு வீண் என்று எண்ணெய்க் கையோடு எங்களைத் தறிப் பக்கமே விடாதவர் அவர். தறியில் உட்காருமுன் நாடாவின் இரண்டு முனையையும் விரலால் தடவிப் பார்ப்பார். சொரசொரப்பு இருந்தால் பாவு இழை அறும். தினமும் செய்கிறார். பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் என்று அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை.

நம் லேபுக்கு வாருங்கள். சென்ட்ரிஃப்யூகல் பம்பில் கிளாண்ட் சொட்டுகிறதா? ஸ்பேனரை எடுத்து இறுக்கிவிடுகிறோம். அந்தச் சொட்டுதான் பாக்கிங் கயிற்றையும் ஷாஃப்ட்டையும் குளிர வைக்கிறது! பரீட்சையில் பம்பை அழகாக வரைந்தால் முழு மார்க். அந்தப் படத்தில் நிப்பிள் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. கிரீஸ் போடுவது ஹெல்பர் வேலை, நாம் சூப்பர்வைசர் ஆகப் போகிறவர்கள் என்ற நினைப்பு நமக்கு. ரீடிங் எடுப்பதற்கு இருக்கிற மார்க்கில் பத்தாவது பராமரிப்புக்கு ஒதுக்கட்டும் என்பது என் கருத்து. அது சிலபஸ் மாறினால்தான் நடக்கும் என்பார்கள். இருக்கட்டும்.

அதுவரை நம் சங்கமே லேபில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஓர் அட்டை கட்டித் தொங்கவிடலாம். தேதி, எந்த கிரீஸ், எத்தனை ஸ்ட்ரோக், போட்டவன் பெயர், இவ்வளவு போதும். முதல் அட்டையை நானே எழுதித் தருகிறேன். லேப் பம்பின் நிப்பிளிலும் பெயிண்ட் அடித்திருக்கிறது, நேற்றுதான் பார்த்தேன். சுரண்டுவதற்கு ஒரு பழைய கத்தி இருந்தால் யாராவது கொண்டு வாருங்கள்.