ரைல்ஸ் பதிக்க முதல் ஒருக்கா நிலத்தைக் கழுவிப் பாப்பம்

"மாபிள் போட்டா வீடு வெளிச்சமா இருக்கும் பிள்ளையள்" எண்டு சொல்லாத மேசன் யாழ்ப்பாணத்தில இல்லை. எங்கட அம்மம்மா வீட்டுக்கும் அந்த வெளிச்சம் வரப்போகுது. கனடா மாமா காசு அனுப்பச் சம்மதிச்சிட்டார். பேரப்பிள்ளையள் நாங்கள் மூண்டு பேர் மட்டும் வேண்டாம் எண்டு நிக்கிறம்.

வீட்டுக்குள்ள சிவப்புச் சீமெந்து. சீமெந்தோட சிவப்பு ஒக்சைட் தூளைக் கலந்து, மேல ஒரு மெல்லிய படையாப் பூசி, கரண்டியால இழுத்து இழுத்து மினுக்கின நிலம். முன் விறாந்தையில சுட்ட களிமண் சதுர ஓடு, மினுக்குப் பூச்சு இல்லாதது. 95 இடப்பெயர்வில விட்டிட்டுப் போன வீடு இது. திரும்பி வரேக்க கூரை ஓடு இல்லை, கதவு இல்லை, யன்னல் நிலை கூட இல்லை. கழட்டிக்கொண்டு போக ஏலாத நிலம் மட்டும் மண்ணுக்குக் கீழ கிடந்தது. அம்மா அண்டைக்கு ஒரு மூலையைக் கூட்டிப் பாத்து, சிவப்பு தெரிஞ்ச பிறகுதான் இது எங்கட வீடு எண்டு நம்பினவாவாம்.

அதே அம்மாதான் இப்ப ரைல்ஸ் கேக்கிறா. "நீங்கள் லீவுக்கு வந்து வடிவா இருக்கெண்டு படம் எடுக்கிறீங்கள். முழங்கால் ஆற்ற?" எண்டு கேட்டா. எங்களிட்டப் பதில் இல்லை. பழைய நிலத்தின்ர வடிவைப் பற்றி எழுதுற ஆக்கள் பலபேர் அதைத் தேய்ச்ச ஆக்கள் இல்லை. பொச்சுமட்டையைக் காலால மிதிச்சு மினுக்கினது அம்மம்மாவும் பெரியம்மாவும். மாமாமார் அதில சறுக்கி விளையாடினவை.

அதனால வாதாடுறதை விட்டிட்டு இந்த லீவுக்கு நாங்களே இறங்கினம். முதல் நாளே ஒரு பிழை விட்டம். எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, குடாநாட்டில எங்க தோண்டினாலும் கீழ சுண்ணாம்புக் கல்லுத்தானே. காய்ஞ்ச இடமெல்லாம் வெள்ளைப் படை. அதைப் போக்க மலசலகூடம் கழுவுற அசிட்டைக் குசினி மூலையில கொஞ்சம் ஊத்தினம். நுரை பொங்கினது, நாங்கள் சந்தோசப்பட்டம். கழுவிப் பாத்தா சிவப்புப் போய் மணல் தெரியுது. அசிட் சுண்ணாம்புப் படையை மட்டுமில்லை, சீமெந்தையும் தின்னும். தேசிக்காய், வினாகிரி எல்லாம் மெதுவா அதே வேலையைத்தான் செய்யும். அந்த மூலை இனித் திரும்பாது.

பிறகு ஒழுங்காச் செய்தம். மண்ணை நல்லாக் கூட்டி எடுக்கவேணும், இல்லாட்டித் தேய்க்கேக்க மணலே நிலத்தைக் கீறும். இளஞ்சூட்டுத் தண்ணியில கொஞ்சம் சவர்க்காரம், பொச்சு, கை. அதுக்கும் அசையாத கறுப்பு ஊத்தை இல்லை. அது வருசக்கணக்காப் பூசின பழைய பொலிஷ். அதுக்கு ரேப்பன்ரைன் நனைச்ச துணிதான் சரி. யன்னல் எல்லாம் திறந்து, குசினி அடுப்பையும் நூத்திட்டு, பாய் அகலத்துக்குப் பாய் அகலமாத் துடைச்சம். கடைசியா நல்ல தண்ணியால துடைச்சு, உடனே காய்ஞ்ச துணியால ஒற்றி எடுத்தம். தண்ணியைத் தானாக் காய விட்டாத்தான் வெள்ளை படியும். இது ஒண்டு தெரிஞ்சிருந்தா அசிட்டே தேவைப்பட்டிருக்காது.

ரெண்டு நாள் காய விட்டு சிவப்பு மெழுகுப் பொலிஷ் மெல்லிசாப் பூசி மினுக்கினம். விறாந்தை ஓட்டுக்கு அது வேண்டாம். களிமண் உறிஞ்சும், அதால ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாத் தடவி, கால் மணித்தியாலத்தில மிச்சத்தைத் துடைச்சு எடுத்தம். தேங்காயெண்ணெய் பூசினா பிசுபிசுத்து எறும்புதான் வரும். ஒரு கவனம்: ஆளிவிதை எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில போடாதேங்கோ, தானாச் சூடேறி நெருப்புப் பிடிக்கக்கூடியது. விரிச்சுக் காயப்போடுங்கோ.

நாலு நாள் வேலை, இடுப்பு முறிஞ்சது உண்மை. ஆனா ரைல்ஸ் பதிக்கிறதெண்டா மேசன் முதல் செய்யிறது பழைய நிலத்தைக் கொத்துறது, சாந்து பிடிக்க. கொத்தின பிறகு மனம் மாறினாலும் திருப்பி எடுக்க ஒண்டும் இல்லை. எங்களுக்குப் பிரச்சினை அதுதான். தெற்கில ஜெஃப்ரி பாவாவின்ர கட்டடங்களில மினுக்கின சீமெந்து நிலத்தைப் பாக்கக் காசு குடுத்துப் போறம். இங்க வீட்டில கிடக்கிறதைக் காசு குடுத்துக் கொத்துறம்.

எண்டாலும் எல்லா நிலத்தையும் காப்பாத்தவேணும் எண்டு நாங்கள் சொல்லேல்லை. குசினிக்கும் குளியலறைக்கும் ரைல்ஸ் போடட்டும். எண்ணெயும் ஈரமும் படுற இடத்தில அம்மாவுக்கு அது லேசு, அசிட் மூலையும் மறைஞ்சிடும். ஹோலையும் விறாந்தையையும் விடுங்கோ எண்டுதான் கேக்கிறம்.

மாமாவுக்கு வீடியோ அனுப்பினம். "நல்லாத்தான் கிடக்கு, அம்மா சறுக்கி விழமாட்டாவோ?" எண்டு கேட்டார். நியாயமான கேள்வி. மெழுகைத் தடிப்பாப் பூசினாத்தான் சறுக்கும். அம்மம்மா நடக்கிற பாதையில நாங்கள் பூசவே இல்லை. மினுக்கம் குறைவுதான், பரவாயில்லை.

அம்மா இன்னும் ஓம் சொல்லேல்லை. "அடுத்த முறை ஆர் தேய்க்கிறது?" எண்டு கேட்டவா. பேர் எழுதிக் குசினிக் கதவில ஒட்டியிருக்கிறம். முதல் பேர் தம்பின்ர.