ஃபார்மட் அடிக்குமுன்

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அதிலிருந்து நாகர்கோவிலில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்போர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, இதக் களஞ்சிரவா?"

களைய வேண்டாம். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 வசதி சில மதர்போர்டுகளில் இருந்தும் பயாஸில் அணைந்து கிடக்கும். முதலில் அதைப் பாருங்கள். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர் என்றால் பெரும்பாலும் தேறாது. அதற்காகக் கிராக் விண்டோஸ் போட்டுத் தருபவரைத் தேடிப் போகாதீர்கள். லினக்ஸ் மின்ட் இலவசம். பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டர் ஓடுகிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். கையில் கொஞ்சம் காசு இருந்தால் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி மாட்டலாம். பழைய பெட்டிக்கு அதைவிட நல்ல செலவு இல்லை.

சிக்கல் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைகளுக்குத்தான். அவர்கள் நம்பியிருக்கும் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் 'அம்மா' என்பது கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறது. எழுத்துரு போனால் அம்மாவும் போனாள். ஆகவே ஃபார்மட் அடிக்குமுன் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே வெளியே எடுத்து வையுங்கள். முக்கியமான கோப்புகளை என்எச்எம் கன்வர்ட்டரில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பேஜ்மேக்கர் இல்லாமல் பிழைப்பு ஓடாது என்பவர்கள் அந்த ஒரு கம்ப்யூட்டரை இணையத்தோடு சேர்க்காமல் தனியே வைத்துக்கொள்ளட்டும். என்னைக் கேட்டால், வைரஸுக்குப் பயந்து வாழ்வதைவிட அது மேல்.

புதிதாக விண்டோஸ் போட்டவர்கள் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழையும், அதன் கீழ் தமிழ்99 விசைப்பலகையையும் சேர்க்க வேண்டும். தனி மென்பொருள் தேவையில்லை. விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் தமிழும் ஆங்கிலமும் மாறும். உயிரெழுத்து இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் புள்ளி தானே விழும். 'அம்மா'வுக்கு நாலு தட்டு போதும். ஆங்கில ஒலியில் தட்டிப் பழகியவர்கள் முதலில் முனகுவார்கள். கொஞ்ச நாள் பொறுத்தால் கை பழகிவிடும்.

இன்னொன்று. நம்ம ஊரில் இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி இடி சொல்லிவிட்டா வரும்? பயாஸ் அப்டேட் நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டே போகலாம். யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள்.