7 நாள் உல்லாசத்துக்கு 25 வருஷக் கப்பமா? கையெழுத்துக்கு முன்னால் கணக்குப் போடுங்க, அண்ணாச்சி!

“வாழ்த்துக்கள் சார்! குலுக்கலில் உங்க நம்பருக்குப் பரிசு விழுந்திருக்கு. சாயங்காலம் 6 மணிக்கு ஓட்டலுக்கு வாங்க. வீட்டம்மாவையும் கட்டாயம் கூட்டிட்டு வரணும்!”

இப்படி போன் வந்தால் பரிசு என்று துள்ளாதீர்கள். அது டைம்ஷேர் வியாபாரம்.

பொருட்காட்சியிலோ, ஜவுளிக்கடையிலோ கூப்பனில் நம்பர் எழுதிப் போட்டிருப்பீர்கள். அதன் பலன்தான் இந்தப் போன். வீட்டம்மா எதற்கு? “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்று நீங்கள் நழுவக் கூடாதே, அதற்குத்தான்!

போனால் ஜூஸ் கொடுப்பார்கள். கொடைக்கானல் படம், கோவா படம் காட்டுவார்கள். ராத்திரி 9 மணிக்கு, “இந்த விலை இன்னிக்கு மட்டும்தான் சார்” என்று பேனாவை நீட்டுவார்கள்.

திருட்டு வியாபாரமா?

இல்லை. வருஷத்துக்கு 7 நாள் விடுதியில் தங்கும் உரிமையை, பல வருஷத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டி வாங்குவது டைம்ஷேர். 1960-களில் ஐரோப்பாவில் பிறந்த யோசனை. சென்னையில் 1986-ல் ஸ்டெர்லிங் கம்பெனி தொடங்கியது. 1996-ல் கிளப் மஹிந்திரா வந்தது. சட்டப்படி நடக்கும் தொழில்தான்.

ஆனால், “தங்காவிட்டால் பணம் பெருகித் திரும்பி வரும்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மும்பை பான்கார்டு கிளப்ஸ் அப்படித்தான் விடுதி ராத்திரிகளை விற்றது. 50 லட்சம் பேருக்கு மேல் பணம் கட்டினார்கள். 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பிக் கொடுக்கும்படி 2016-ல் செபி உத்தரவு போட்டது. தங்குவதற்கு வாங்கலாம். வட்டிக்கு வாங்கக் கூடாது.

லீவு எப்போ?

விலையைக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள். கம்பெனிகள் வருஷத்தைச் சீசன் சீசனாகப் பிரித்து வைத்திருக்கின்றன. சிலர் அதற்குக் கலர் பெயர் வைத்திருக்கிறார்கள். கூட்டம் அலைமோதும் சீசனுக்கு விலை அதிகம். ஆள் வராத சீசன் மலிவு.

நம்ம ஊர் குமாஸ்தாவுக்குக் குடும்பத்தோடு கிளம்ப மே மாதம்தான் தோது. எல்லோரும் கிளம்புவதும் அப்போதுதான். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு வெளியூரில் இருப்பவரே ஊருக்கு ஓடி வருவார். கடைக்காரர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஷட்டரை இறக்க முடியுமா? மலிவு சீசனை வாங்கினால் கையில் அட்டை இருக்கும், லீவு இருக்காது. மழைக்காலத்தில் வேலை ஓய்ந்திருக்கும் உப்பள முதலாளிக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம்.

பேங்க் வட்டிக் கணக்கு

உதாரணத்துக்கு, உறுப்பினர் கட்டணம் 3 லட்சம், வருஷச் சந்தா 15 ஆயிரம் என்று வைப்போம். 3 லட்சத்தை 6.5 சதவீத வட்டிக்கு பேங்கில் போட்டால் வருஷம் 19,500 ரூபாய் வரும். அதோடு சந்தாவைச் சேர்த்தால் 34,500. ஏழால் வகுங்கள். ஒரு ராத்திரிக்கு ஏறத்தாழ 4,900 ரூபாய்!

சாப்பாடு தனி. ரயில், கார் செலவு தனி. சந்தாவுக்கு ஜி.எஸ்.டி. தனி. போகாத வருஷமும் சந்தா கட்ட வேண்டும். வருஷம் போகப் போக அது ஏறும். 25 வருஷம் முடிந்தால் பேங்கில் போட்ட 3 லட்சம் அப்படியே இருக்கும். இங்கே கட்டிய 3 லட்சம் போனது போனதுதான்.

விடுதி வாடகையும் ஏறும் என்பார்கள். உண்மைதான். தவறாமல் வருஷா வருஷம் டூர் போகும் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகலாம். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை போகிறவருக்கு நஷ்டம். நீங்கள் எந்த ரகம்? கடைசி 5 வருஷத்தில் எத்தனை தடவை போனீர்கள் என்று எண்ணினால் தெரிந்துவிடும்.

மாதிரிச் சிப்பி

நம்ம ஊரில் முத்துக் குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். சிப்பியைப் பிளக்காமலே, ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். முத்து இருந்தால் அதிர்ஷ்டம். ஆனாலும் குளிப்பை அறிவிக்கும் முன்பே மாதிரிக்குச் சிப்பி எடுத்துப் பிளந்து, முத்துக்கு மதிப்புப் போட்டுப் பார்த்துவிடுவார்கள். சூதாட்டத்திலேயே அவ்வளவு முன்ஜாக்கிரதை!

நீங்களும் மாதிரி பாருங்கள். அதே விடுதியில் வாடகை கொடுத்து 2 நாள் தங்குங்கள். பழைய உறுப்பினரிடம், “மே மாசம் ரூம் கிடைக்குதா?” என்று கேளுங்கள். கைமாற்றி விற்கிறவர் என்ன விலை சொல்கிறார் பாருங்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்கு வாங்கி வந்து படியுங்கள். விலகினால் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாள் கெடு என்பது அதில்தான் இருக்கும். வாய்ச்சொல் கோர்ட்டில் நிற்காது.

ஐரோப்பாவில் டைம்ஷேர் வாங்கியவர் 14 நாளுக்குள் மனம் மாறலாம், சட்டமே உண்டு. இங்கே டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. நமக்கும் அப்படி ஒரு சட்டம் வர வேண்டும். வரும்வரை, கையெழுத்துக்கு முன்பே அந்த 14 நாளை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்!

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915-க்கு போன் செய்யலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் தூத்துக்குடி நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

ரிடையர் ஆனவர்களுக்கு ஒரு வார்த்தை. கிராஜுவிட்டி பணம் ஒரு தடவைதான் வரும். கொடைக்கானல் எங்கேயும் ஓடிவிடாது. அடுத்த மாசமும் அங்கேதான் இருக்கும். “இன்னிக்கு மட்டும்” என்பவரிடம், “அப்போ வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, ஜூஸைக் குடித்து வீட்டுக்குக் கிளம்புங்க, அண்ணாச்சி!